சித்தப்பாவின் வெள்ளைப் பல்லும் நீ அனுப்பிய கேமராவும்

அன்பு மகள் துறுதுறுவுக்கு அம்மா எழுதுவது.

இங்கே நாங்கள் மூவரும் சுகம், சித்தப்பாவின் ஒரே ஒரு பல்லைத் தவிர. அங்கே நீயும் உன் வேலையும் உன் தீராத சளியும் எப்படி இருக்கிறீர்கள் என்று தெரிந்தால் எனக்கு நிம்மதி. நீ அனுப்பிய மூன்று புதுக் கேமராக்களின் விவரமும் வந்து சேர்ந்தது. ‘முன்னாடி அனுப்பினது பிடிக்கலைன்னா சொல்லும்மா, மாத்திக் குடுக்கறாங்க, இந்த மூணுல ஒண்ணு சொல்லு, ஆனா அந்தப் பழைய டப்பாவை மட்டும் தயவுசெஞ்சு தூக்கிப் போடு’ என்று எழுதியிருந்தாய். ஃபோனில் கேட்டபோது ‘நல்லாத்தான்டி இருக்கு’ என்று நான் இழுத்த இழுப்பிலேயே உனக்குச் சந்தேகம் வந்துவிட்டது போலிருக்கிறது. நான் என்ன செய்வது, ஃபோன் எப்போதும் கூடத்தில்தான் கிடக்கிறது, நான் பேசும்போது உன் அப்பா செய்தித்தாளின் அதே பக்கத்தையே படித்துக்கொண்டு காதை இங்கே வைத்திருப்பார், சித்தப்பா ஊரில் இருந்தால் அவரும் நின்றுகொண்டிருப்பார். இந்த விஷயத்தை வீட்டில் யாரும் பேசவே கூடாது என்று சித்தப்பா சொல்லியிருக்கிறார். எழுதக் கூடாது என்று சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன், கொஞ்சம் நீளும், சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து படி.

முதலில் பழைய கேமரா. அதை நீ டப்பா என்கிறாய், நியாயம்தான், அதன் திரை ஒரு தீப்பெட்டி அளவுதான் இருக்கிறது, பொத்தான்களில் எழுதியிருந்ததெல்லாம் என் கட்டை விரல் தேய்த்தே அழிந்துவிட்டது. ஆனால் என் வேலை என்ன என்று உனக்கு மறந்துபோயிருக்காது. கீழே டாக்டரம்மா பல்லை ராவி அச்செடுத்து அனுப்புவார், மாடி அறையில் நான் பீங்கான் பொடியைக் குழைத்து அந்தப் பல்லின் மேல் மாட்டுகிற கேப் செய்து உலையில் வைத்து எடுப்பேன். அச்சு வடிவத்தைச் சொல்லும், நிறத்தைச் சொல்லாது. நிறத்துக்காகத்தான் ஆளை ஜன்னலோரம் உட்கார வைத்து, பல்லுக்குப் பக்கத்தில் கம்பியில் கோத்த மாதிரிப் பல் ஒன்றைப் பிடித்து, இரண்டும் சேர்ந்து விழுகிற மாதிரி படம் எடுத்துக்கொள்கிறேன். பழைய கேமரா எல்லாவற்றையும் கொஞ்சம் நீலமாகக் காட்டும். காட்டட்டுமே, மாதிரிப் பல்லையும் அதே அளவு நீலமாகத்தானே காட்டுகிறது. எப்போதும் ஒரே அளவாகப் பொய் சொல்கிறவரோடு குடித்தனம் நடத்துவது சுலபம், இத்தனை வருடத்தில் அதன் பொய் எனக்குப் பழகிவிட்டது. அதன் ஒரே குறை பேட்டரி மூடி. அது இறுகிக்கொண்டால் ஊசியை விட்டு நெம்ப வேண்டும். அன்றைக்கு நான் அப்படி நெம்பிக்கொண்டிருந்தபோது, ராத்திரியெல்லாம் பஸ் ஓட்டிவிட்டு வந்து இறங்கிய சித்தப்பா, ‘குடுங்க அண்ணி’ என்று வாங்கினார். விரலால் பார்த்தார், சாவியால் பார்த்தார், அப்புறம் வாயில் வைத்து ஒரு கடி. டக்கென்று சத்தம். உள்ளங்கையில் முன்பல்லின் பாதியை ஏந்திக்கொண்டு அவர் முதலில் சொன்னது, ‘மூடி தொறந்துடுச்சு அண்ணி.’

இதுவரைக்கும் உனக்குத் தெரியும், இதைக் கேட்டுத்தான் நீ பதறிப்போய் இங்கே உள்ள கடையிலிருந்து மறுநாளே புதுக் கேமராவை வாசலுக்கு அனுப்ப வைத்தாய். உனக்குத் தெரியாதது இன்னொன்று. அடுத்த ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா ஒரு பெண்ணைச் சந்திப்பதாக இருந்தது. ஏற்பாடு செய்தது நான்தான். மாடி அறைக்குச் சுண்ணாம்பு நிறம் தேடிப் போனபோது பெயின்ட் கடையில் நிறம் கலந்து தருகிற அந்தப் பெண்ணோடு பழக்கமாகிவிட்டது. என்னைவிடச் சில வயது இளையவள், அக்கா என்றுதான் கூப்பிடுகிறாள். ஒரு கல்யாணம் நடந்து சரியில்லாமல் முடிந்துபோனது என்பதை ஒரே வரியில் சொல்லிவிட்டு அடுத்த டப்பாவின் மூடியைத் திறந்தாள், அந்த விதம் எனக்குப் பிடித்துவிட்டது. சித்தப்பாவைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இத்தனை வருடமாக யார் எப்போது கேட்டாலும் ‘எனக்கெதுக்கு, நான் பாட்டுக்கு வண்டிய ஓட்டிக்கிட்டிருக்கேன்’ என்பார். இந்தத் தடவை மட்டும் ‘ஒரு டீ குடிக்கறதுல என்ன இருக்கு’ என்று சொல்லிவிட்டு, யாரும் சொல்லாமலே சட்டையை இஸ்திரி போட எடுத்து வைத்தார். அவரிடம் பெரிய பணமில்லை, பேச்சு சாமர்த்தியம் இல்லை, தலையில் முடியும் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. இருப்பது அந்தச் சிரிப்பு ஒன்றுதான், தெருமுனையில் சிரித்தால் நம் வீட்டு ஜன்னலுக்குக் கேட்கும். சரியாக அந்தச் சிரிப்பின் வாசலில் ஒரு பல் போய்விட்டது. இனி இப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருக்கு வருமா என்பதுதான் எனக்கிருந்த கவலை, பல்லில்லாமல் போக மாட்டேன் என்று அவர் அப்போதே சொல்லிவிட்டார்.

டாக்டரம்மா உடனே பல்லை ராவி அச்செடுத்தார். சித்தப்பா, கேமரா வந்ததற்கு மறுநாள் அதிகாலை வண்டியை எடுத்தால் சனிக்கிழமை சாயங்காலம்தான் திரும்புவார், அதற்குள் நான் படத்தை வைத்துக்கொண்டே பல்லைச் செய்துவிட வேண்டும். பழைய கேமராவின் மூடியை இப்போது ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி வைத்திருக்கிறேன், அது பாட்டுக்கு வேலை செய்கிறது. ஆனாலும் நீ ஆசையாக அனுப்பியது புதிதாக மேஜையில் இருக்கும்போது கிழட்டுக் கேமராவை எடுக்க எனக்கு மனசு வரவில்லை, நம் வீட்டு ஆளின் பல்லிலேயே தொடங்கட்டும் என்று புதியதால் எடுத்தேன். படம் அவ்வளவு தெளிவு. மாதிரிப் பற்களில் எல்லாவற்றையும்விட வெளுப்பானதுதான் பொருந்துகிறது என்று அது காட்டியது. எனக்கு ஆச்சரியம்தான், இவ்வளவு டீ குடிக்கிற மனிதருக்கு இப்படியொரு பல்லா என்று. ‘எங்க பரம்பரைப் பல்லு அப்படி’ என்று உன் அப்பா எப்போதும் பீற்றிக்கொள்வாரே, அது நிஜம்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். தினமும் பார்க்கிற முகம்தானே, உனக்கே தெரிந்திருக்க வேண்டாமா என்று நீ கேட்பாய். தினமும் பார்க்கிற முகத்தை யார்தான் பார்க்கிறார்கள், சொல். செய்தேன், சுட்டேன், சனிக்கிழமை கிளினிக் மூடுகிற நேரத்தில் டாக்டரம்மா அந்த வெள்ளை விளக்கின் கீழே வைத்துப் பார்த்து, கழற்றி மாற்றுகிற மாதிரியான லேசான பசையைப் போட்டு ஒட்டி அனுப்பிவிட்டார். அந்த விளக்கின் கீழே எல்லாப் பல்லும் வெள்ளைதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை சித்தப்பா பால்கனியில் நின்று வாயெல்லாம் பல்லாக என்னைப் பார்த்துச் சிரித்தார். மற்ற பற்களெல்லாம் பல வருட டீயில் ஊறிப் பழுப்பாக இருக்க, நடுவில் அது ஒன்று மட்டும் ஃப்ரிட்ஜைத் திறந்தால் எரிகிற விளக்கு மாதிரி எரிகிறது. அவர் என் முகத்தைப் பார்த்தார், கண்ணாடியைப் பார்த்தார், வாயை மூடிக்கொண்டார். மூடிய வாயைத் திறக்காமலே சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினார், அந்த அளவுக்கு அவருக்குப் போக வேண்டும் என்று இருந்திருக்கிறது. எனக்குப் போகத் தைரியமில்லை. உன் அப்பாதான் ‘நான் பக்கத்து மேஜையில யாரோ மாதிரி உக்காந்துக்கறேன்’ என்று பின்னாலேயே போனார்.

பெயின்ட் கடைக்கு எதிரில் உள்ள டீக்கடை, முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, காலை வெயில் நேராக உள்ளே வருகிற இடம். நடந்ததை உன் அப்பா வந்து சொன்னபடியே சொல்கிறேன். செருப்புக் கடை உத்தியோகம் செய்கிற மனிதர் அல்லவா, முதலில் அவள் காலைத்தான் பார்த்திருக்கிறார், ‘குதிகால் ரெண்டும் சமமாத் தேஞ்சிருக்குது, நிதானமான ஆளு’ என்று அப்போதே தேர்வில் பாஸ் போட்டுவிட்டாராம். சித்தப்பா கைக்குட்டையை வாயில் வைத்தபடி உட்கார்ந்திருக்கிறார். எவ்வளவு தூரம் ஓட்டுவீங்க என்று கேட்டால் ‘ம்’, பயணிகள் தொந்தரவு பண்ணுவாங்களா என்று கேட்டால் ‘ம்ஹூம்’. அவளும் பாவம், தானே பேசிப் பார்த்திருக்கிறாள். கடைக்கு ஒருவர் கத்திரிக்காயோடு வந்து இதே நிறத்தில் சுவருக்குப் பெயின்ட் வேண்டும் என்று கலந்து வாங்கிக்கொண்டு போய், சில நாள் கழித்து அதே கத்திரிக்காயோடு திரும்பி வந்து, ‘காய் வாடி கலர் மாறிடுச்சு, பெயின்டையும் மாத்திக் குடுங்க’ என்றாராம். அதைக் கேட்டு உன் அப்பாவே செய்தித்தாளுக்குப் பின்னால் சிரித்திருக்கிறார், சித்தப்பாவோ உதட்டை இறுக்கிக்கொண்டு தோளைக் குலுக்கி, டீ மூக்கில் ஏறி, கண்ணெல்லாம் நீராக உட்கார்ந்திருக்கிறார். அவள் பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். ‘பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னு சொல்லிட்டுப் போலாமே, இதுக்கு எதுக்கு வாயைப் பொத்திக்கிட்டு உக்காரணும்?’ என்றாளாம். அதற்கு மேல் சித்தப்பா கைக்குட்டையை எடுத்துவிட்டார். ஈ என்று காட்டியே விட்டார்.

வெயில் நேராக அந்தப் பல்லில். அவள் மறுபடி உட்கார்ந்து, மேஜைமேல் சாய்ந்து, கடையில் டப்பாவுக்குள் பார்ப்பது போலப் பார்த்துவிட்டு, ‘இந்த ஒண்ணை மட்டும் யாரு அடிச்சது?’ என்று கேட்டிருக்கிறாள். ‘எங்க அண்ணி’ என்றாராம் இவர். ‘அக்காவா? அப்ப மத்த எல்லாத்துக்கும் ரெண்டு கோட் அடிச்சுடச் சொல்லுங்க, அதுதான் சுலபம்’ என்று சொல்லி அவள் சிரிக்க, அடக்கி வைத்திருந்ததெல்லாம் சேர்ந்து சித்தப்பா சிரித்த சிரிப்பில் டீக்கடைக்காரர் ரேடியோவின் சத்தத்தைக் குறைத்து எட்டிப் பார்த்தாராம். கிளம்பும்போது அவள் சொன்னது இதுதான். ‘எனக்குச் சரின்னுதான் படுது. ஆனா ஒரு தடவை எனக்குச் சரின்னு பட்டதை வெச்சு முடிவு பண்ணிப் பட்டுட்டேன். வெளியூர்ல அண்ணன் இருக்காரு, அவரு பாக்காம இனிமே எதுவும் இல்லை. ஒரு போட்டோ குடுங்க, கையில பிடிச்சுப் பாத்தாத்தான் அவருக்கு ஆகும்.’

அந்தப் படத்தை எடுப்பதில்தான் வீடு இரண்டுபட்டது. பல்லைச் செய்து மாற்றிவிட்டு எடுக்கலாம் என்றேன், சித்தப்பா மறுநாள் வண்டிக்குப் போக வேண்டும், அடுத்த வாரம் வரை அவளைக் காத்திருக்க வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். உன் அப்பா யோசித்தார், யோசித்து, உலகத்தில் யாருக்கும் தோன்றாத ஒன்றைக் கண்டுபிடித்தவர் மாதிரி எழுந்து நின்றார். ‘இந்த ஒரு பல்லை எதுக்கு மங்க வெக்கணும்? மீதிப் பல்லையெல்லாம் வெளுத்துட்டாப் போச்சு. புதுக் கேமராவே பண்ணிடும். மேல சக்கரம் இருக்குல்ல, அதுல ஒரு முகம் போட்டிருக்குது பாரு, அங்க வெச்சா தோலு வழவழன்னு ஆயிடும், பல்லெல்லாம் பளிச்சுன்னு ஆயிடும்.’ நான் மெதுவாகத்தான் கேட்டேன், ‘இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?’ என்று. அவர் முகத்தில் ஈயாடவில்லை. கேமரா வந்த அன்றைக்கே பால்கனியில் நின்று தன்னைத் தானே எடுத்துப் பார்த்து, சக்கரத்தைத் திருப்பித் திருப்பித் தனக்குப் பிடித்த இடத்தில் வைத்து, அந்தப் படத்தை உனக்கு அனுப்பி, நீயும் ‘அப்பா பத்து வயசு குறைஞ்சுட்டீங்க’ என்று பதில் போட, அந்தச் சந்தோஷத்தில் சக்கரத்தை அப்படியே விட்டுவிட்டார். நான் அதைக் கவனிக்காமல் சித்தப்பாவை எடுத்திருக்கிறேன். வாய்க்குள் இருந்த பற்களைப் பல் என்று அடையாளம் கண்டு வெளுத்த கேமரா, வெளியே நான் பிடித்திருந்த மாதிரிப் பல்லைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிட்டது. ஆக, உன் அப்பாவின் அழகுதான் போய் உன் சித்தப்பாவின் வாயில் உட்கார்ந்துகொண்டது. ‘அண்ணே, நீங்க நல்லா இருக்கணும்’ என்றார் சித்தப்பா, கைகூப்பி.

கடைசியில் இரண்டு படம் எடுத்தோம். உன் அப்பா புதியதால், அதே சக்கரத்தில் வைத்து. அதில் சித்தப்பா தோலெல்லாம் இஸ்திரி போட்ட மாதிரி, பல்லெல்லாம் குளியலறை ஓடு பதித்த மாதிரி, யாரோ பற்பசை விற்க வந்தவர் போல இருந்தார். நான் பழையதால். நான் பொத்தானை அழுத்தப் போகும்போது ரப்பர் பேண்டு அறுந்து போய் உன் அப்பாவின் மூக்கில் பட்டது, அந்த நொடி படம் விழுந்துவிட்டது. சித்தப்பா தலையைப் பின்னால் சாய்த்துச் சிரிக்கிறார், கண்ணோரம் சுருக்கம், நெற்றியில் சுருக்கம், வழக்கம்போலக் கொஞ்சம் நீலம், நடுவில் அந்த விளக்கு. எதைக் கொடுப்பது என்று கேட்டால் சித்தப்பா இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். ‘இதைக் குடுத்தா ஏமாத்தற மாதிரி இருக்கு, அதைக் குடுத்தா பயந்துடுவாங்க’ என்றார். ஸ்டூடியோவில் இரண்டையும் பிரதி போட்டு, இரண்டையும் ஒரே உறையில் வைத்து, பெயின்ட் கடை கல்லாவில் கொடுத்துவிட்டு, அவள் உள்ளேயிருந்து வருவதற்குள் பஸ்ஸுக்கு ஓடிவிட்டார்.

அதற்கப்புறம் ஒன்றும் வரவில்லை. வண்டி எங்கே நின்றாலும் அங்கிருந்து ஃபோன் வரும், ‘சும்மாதான் கூப்பிட்டேன் அண்ணி, வீட்டுல எல்லாரும் சௌக்கியமா?’ என்று. அவர் கேட்காத கேள்விக்கு நானும் ‘இன்னும் இல்ல’ என்று சொல்லிவிட்டு வைப்பேன். உன் அப்பா யாரும் கேட்காமலே தானாக வீட்டைக் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்தார், அவருக்கு அவ்வளவு உறுத்தல். நேற்று மத்தியானம் நான் உலையில் ஒரு பல்லை வைத்துவிட்டு நிமிர்ந்தால் அவள் வாசலில் நிற்கிறாள், விரல் நகமெல்லாம் பச்சைப் பெயின்ட், கையில் அந்த உறை. அவளாகவே முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, உறையை என் மேஜைமேல் வைத்தாள். பிரித்தேன். உள்ளே உன் அப்பா எடுத்த படம் மட்டும் இருந்தது. ‘இதை வெச்சுக்கோங்க அக்கா. எங்க அண்ணன் ரெண்டையும் பாத்துட்டு, இவரு அந்த இன்னொருத்தரோட மகனான்னு கேட்டாரு. இவரு கூட நான் டீ குடிக்கலையே’ என்றாள். நான் உறையைக் கவிழ்த்து உதறிப் பார்த்தேன். ‘இன்னொண்ணு இருந்துச்சேம்மா’ என்றேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பி என் மாதிரிப் பற்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டே, ‘அது என்கிட்ட இருக்கட்டும்’ என்றாள்.

அவள் படியிறங்கிப் போனதும் சித்தப்பாவுக்கு ஃபோன் போட்டேன். வண்டியைச் சாப்பாட்டுக்கு நிறுத்தியிருந்தார், பின்னால் ஒரே இரைச்சல். ஒரு படம் திரும்பி வந்திருக்கிறது என்றேன். ‘எது அண்ணி?’ என்றார். ‘உங்க அண்ணன் எடுத்தது’ என்றேன். ‘இன்னொண்ணு?’ என்றார். ‘கேட்டுப் பாத்தேன், தர மாட்டேங்கறா’ என்றேன். சிரித்தார் பார், நான் ஃபோனைக் காதிலிருந்து எடுத்துத் தள்ளிப் பிடித்தேன், அப்படியும் உன் அப்பாவுக்குச் சமையலறை வரை கேட்டுவிட்டது. பின்னாலிருந்த இரைச்சல் அடங்கிப்போய், சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் யாரோ ‘டிரைவருக்கு என்னாச்சு?’ என்று கேட்டது எனக்கே காதில் விழுந்தது.

ஆகையால் நீ கேட்டதற்குப் பதில், மூன்றில் எதுவும் வேண்டாம், எதையும் மாற்றவும் வேண்டாம். நீ அனுப்பியது நல்ல கேமராதான், சக்கரத்தைச் சாதாரணத்தில் வைத்து எடுத்துப் பார்த்தேன், பல்லில் உள்ள மயிரிழைக் கீறல்கூடத் தெரிகிறது. ஆனால் ஒவ்வொரு தடவையும் உன் அப்பா அதைத் தொட்டாரா இல்லையா என்று நான் விசாரணை நடத்த முடியாது. அது அவருக்கே இருக்கட்டும், பால்கனியில் சந்தோஷமாக இருப்பார். எனக்கு மாடியில் பழையது போதும். சித்தப்பா வந்ததும் பல்லை மாற்றிவிடுவேன், நிறத்தைத் தானும் வந்து பார்ப்பதாக அவள் சொல்லியிருக்கிறாள், எங்கள் இருவருக்கும் இடையே வாயைத் திறந்துகொண்டு உட்காருவது அவர் பாடு. அவள் அண்ணனும் சரி சொல்லிவிட்டாராம், கல்யாணத்துக்குப் பதிவு அலுவலகத்தில் தேதி கேட்கப் போகிறார்கள், தெரிந்ததும் எழுதுகிறேன், இப்போதே லீவுக்குச் சொல்லி வை, ஆனால் நான் எழுதியதாகச் சித்தப்பாவிடம் காட்டிக்கொள்ளாதே, அவர் சொல்லும்போது புதிதாகக் கேட்பது போல ஆச்சரியப்படு, அது உனக்கு நன்றாக வரும்.

வேளைக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு வெளியே போகாதே, சளிக்கு டாக்டரைப் பார். நினைத்தது நடந்து, மனசுக்குப் பிடித்தவர்கள் சூழ நீ நன்றாக இருக்க வேண்டும், அதைத் தவிர எனக்கு வேறு வேண்டுதல் இல்லை. மறக்காமல் ஒன்று செய். நீ மாதாமாதம் அனுப்புகிற படங்களையெல்லாம் நேற்று சாயங்காலம் மறுபடி எடுத்துப் பார்த்தேன். எதிலும் உன் கண்ணுக்குக் கீழே ஒரு கருப்புகூட இல்லை, பல்லெல்லாம் ஒரே வெள்ளை. உன் கேமராவில் அந்தச் சக்கரம் எங்கே இருக்கிறது என்று தேடித் திருப்பிவிட்டு, ஒரு படம் எடுத்து அனுப்பு. நீ சரியாகத் தூங்குகிறாயா என்று நான் பார்க்க வேண்டும்.

என்றும் உன் நினைவாக,
அம்மா